மறுமதிப்பீடு

இருநூற்றுப் பதினொன்று இருந்தன.
இப்போது நூற்று அறுபத்து நாலு.
கட்டிலுக்கடியில் வைத்தவற்றை
ஒரு கார்த்திகையில் கெடிலம் வீட்டுக்குள் வந்து
இரவல் வாங்கிப்போனது. திருப்பித் தரவில்லை.
பரணில் கிடந்தவை பிழைத்தன,
கரப்பான் முட்டையும் ரசகற்பூர வாசமுமாக.

கூடவே அந்த நோட்டு.
சிப்காட் பாய்லர் அறையின் லாக் புக்.
நேரம், அழுத்தம், வெப்பம் என்று அச்சடித்த கட்டங்களில்
தேதி, தட்டு, மதிப்பெண் என்று அடித்துத் திருத்தி
நான் எழுதிவைத்தது.
முப்பத்திரண்டு வயது அப்போது.
பத்துக்கு எட்டைத் தாண்டி யாருக்கும் போட்டதில்லை.
'மூன்றாவது சரணத்தில் வயலின் அவசரப்படுகிறது.'
'இரண்டாம் பக்கம் தண்டம்.'
மாசம் தொள்ளாயிரம் சம்பளக்காரனுக்கு
என்ன திமிர்.

திங்கட்கிழமையிலிருந்து தினம் ஒரு தட்டு.
பிளேயரின் பெல்ட் இற்றுப்போயிருந்தது.
பான்பரி மார்க்கெட் சைக்கிள் கடையில்
பழைய டியூபை வளையமாய் அறுத்து மாட்டினேன்.
பாட்டு அரைக்கட்டை இறங்கி வருகிறது.
பாடியவருக்கும் வயதாகிவிட்டது என்று வைத்துக்கொண்டேன்.

புல்லாங்குழல் கச்சேரி. அன்று ஏழரை போட்டது.
குழல் மேலே ஏறும்போதெல்லாம்
அறையைவிட்டு வெளியே போய்விடுகிறது.
மிருதங்கத்தின் தொப்பி மட்டும்
பஸ்ஸைத் தவறவிட்டவன்போலத்
தொடையைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

மஞ்சக்குப்பம் காது டாக்டர்
கோடு இழுத்த தாளைக் காட்டினார்.
நேராக வந்த கோடு ஓரிடத்தில் கிணற்றில் விழுந்திருந்தது.
'எத்தனை வருஷம் பாய்லர்ல?' என்றார்.
முப்பது என்றேன்.
இரண்டு தடவை கேட்டிருக்கிறார் போல.

அதனால்தான் மதிப்பெண் மாறுகிறது.
மூன்று போட்டு மூலையில் தள்ளிய ஆட்டப்பாட்டுத் தட்டு:
'அடியில் ஒரே உறுமல்.'
அந்த உறுமல்தான் இப்போது முழுசாய்க் கேட்கிறது.
எவனோ ஒருத்தன், பாஸ் கிடாரோடு,
மொத்தப் பாட்டையும் தோளில் சுமந்து நடந்திருக்கிறான்.
உறையில் அவன் பேர்கூட இல்லை.
மூன்றை அடித்து ஒன்பது போட்டேன்.

நேற்று எடுத்தது,
நெல்லித்தோப்பு சொல்தா வீட்டைக் காலி செய்தபோது
நாலு ரூபாய்க்கு வாங்கிய அக்கார்டியன் தட்டு.
பிரெஞ்சு. 'புரியவில்லை. ஆனாலும் ஆறு.'
ஆறுக்குப் பக்கத்தில்
பென்சிலில், பொடியாக, பத்து.
கீழே மூன்று கோடு.

என் எழுத்தில்லை.
முன்பக்கம் புரட்டினேன். பின்பக்கம் புரட்டினேன்.
எங்கும் பென்சில்.
நான் எட்டு போட்ட இடத்தில் இரண்டு.
'இந்தம்மாவுக்கு அன்னிக்குத் தொண்டை கட்டியிருக்கு.'

கொல்லையில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள் அஞ்சலாட்சி.
யாரும் தொடக்கூடாது என்று
நான் சட்டம் போட்டு வைத்திருந்த வீடு அது.
'நாந்தான். நீங்க நைட் ஷிப்டுக்குப் போனதும் போடுவேன்.
சன்னமா வச்சுத்தான்.'
'அப்ப இதுல இருக்கிற கீறல்?'
'எந்தக் கீறல்?' என்றாள்
மீன் தலையைக் கிள்ளிப் போட்டபடி.
அந்தக் கீறலுக்காகத்தான்
தட்டு பார்த்து வாங்கித் தந்த செல்வநாதனோடு
இரண்டு வருஷம் பேசாமலிருந்தேன்.

வாசற்கதவைச் சாத்திவிட்டு அந்தத் தட்டைப் போட்டேன்.
கையை அலம்பாமலே வந்து
நிலைப்படியில் சாய்ந்தாள்.
அக்கார்டியனின் அடித்துருத்தி
எனக்கு நன்றாக மூச்சுவிட்டது.
'மேல என்ன நடக்குது?' என்றேன்.
'சும்மா இருங்க.'
கொஞ்சம் கழித்து,
'ஒருத்தி சிரிக்கிறா. பாட்டுக்கு நடுவுல.
பாடுறவ இல்ல, பக்கத்துல நிக்கிறவ.'

முப்பத்திரண்டு வயதில்
இரண்டு காதும் சரியாய் இருந்தபோதும்
அந்தச் சிரிப்பை நான் குறித்துவைக்கவில்லை.

முள் கீறலில் ஏறி
அதே சுற்றில் மாட்டிக்கொண்டது.
எழுந்துபோய் நகர்த்த
அவள் கையில் மீன், எனக்கு முழங்கால்.
துருத்தி இழுத்தது. விட்டது. இழுத்தது. விட்டது.

'இன்னும் சிரிக்கிறாளா?'
'இன்னும்.'